அக்கரைக்காரி

அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவர்களை மிரட்டுவதற்கு எங்கள் ஜில்லாவின் பெயரே போதும். 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்' என்றால் எப்பேர்ப்பட்ட ஆபீசரும் இறங்கி வந்துவிடுவார் என்பார்கள். அந்தத் தண்ணியில்லாக் காட்டில், எனக்கு ஆறு வயதிலிருந்து எட்டு வயது வரைக்குள், வைகை மூன்று முறை கரையை உடைத்துக்கொண்டு வந்தது. வெளியூரில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். அதனால் நான் சொல்வதில்லை.

பரமக்குடியைத் தாண்டி வைகை கிழக்கே இறங்கி வரும் வழியில், தென்கரையில் இருந்தது எங்கள் ஊர். வருஷத்தில் பத்து மாதம் ஆறு என்பது வெறும் மணல்தான். சீமைக்கருவேலம் ஆற்றுக்குள்ளேயே காடாக மண்டிக் கிடக்கும். அம்மா பிறந்த ஊர் நேர் எதிரே, வடகரையில். பாலத்தைச் சுற்றிப் போகச் சோம்பல்பட்டு அம்மா எங்களை மணல் வழியாகவே நடத்திக் கூட்டிப்போவாள். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தால் கால் மணி நேரத்தில் மாமா வீடு. அங்கே மாமாவின் கடைசி மகனும் நானும் ஒரே வயது. இரண்டு பேருக்கும் முடிச்சுப் போட்டுப் பெரியவர்கள் கேலி பேசுவார்கள். அவன் அழுவான்.

மழை எங்களுக்குப் பெய்யவே வேண்டாம். மேற்கே எங்கோ பெய்து, அணை நிரம்பி, திறந்து விட்டால் மூன்றாம் நாள் எங்கள் ஊருக்கு வெள்ளம் வந்துவிடும். வந்தால் இரண்டு கரைக்கும் நடுவில் அடங்காது. ஏதாவது ஒரு கரை உடையும். ஒரு கரை உடைந்தால் மறு கரை தப்பித்துக்கொள்ளும். இது இரண்டு ஊர்க்காரர்களுக்கும் தெரியும். பகை என்று ஒன்று தனியாகத் தேவைப்படவில்லை.

முதல் வருஷம் வடகரை உடைந்தது. மாமாவின் கடைசி மகனை இரண்டு நாள் கழித்து ஒரு கருவேல மரத்தில் கண்டெடுத்தார்கள். அம்மா தலையை விரித்துப் போட்டுக்கொண்டு பாலத்தில் ஓடினாள். அய்யா துக்கத்துக்குப் போகவில்லை. அக்கரையில் வேறு மாதிரிப் பேசிக்கொண்டார்கள். கரை தானாக உடையவில்லை, தெற்கிலிருந்து ஆட்கள் வந்து மண்வெட்டி போட்டார்கள் என்று. அது உண்மையா என்று அய்யாவிடம் நான் கடைசிவரை கேட்கவில்லை. அவரும் அந்தப் பேச்சு வந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார்.

இரண்டாவது வருஷம் எங்கள் கரை உடைந்தது. அது தானாகத்தான் உடைந்தது, சுடுகாட்டுக்குக் கிழக்கே நண்டு வளை போட்டு ஓட்டையாகிக் கிடந்த இடத்தில். எங்களுக்கு மிளகாய் வத்தல் வியாபாரம். வீட்டின் முன்பக்கம் மண்டி, பின்பக்கம் குடியிருப்பு. கூரை முட்ட அடுக்கியிருந்த குண்டு மிளகாய் மூட்டைகள் முழுக்க நனைந்தன. வீட்டுக்குள் வந்த தண்ணீர் ஒரு மணி நேரத்தில் சிவப்பாகிவிட்டது. அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு அதில் நடந்தாள். தெறித்த இடமெல்லாம் எரிந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. அன்றிலிருந்து எனக்குத் தண்ணீர் என்றாலே எரிச்சலும் ஒரு சத்தமும்தான். ஆறு வரும்போது முதலில் வருவது சத்தம். தூரத்தில் ரயில் பாலத்தில் ஏறுகிற மாதிரி. வெயில் காலத்தில்கூட, பாயில் படுத்துத் தரையில் காதை வைத்து, அது கேட்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தூங்குவேன்.

நான் சொல்ல வந்தது மூன்றாவது வருஷம்.

கார்த்திகை மாதம். இந்த முறை எங்கள் ஊரிலும் மழை. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்து, ஆற்றோரம் இருப்பவர்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போகும்படி சொல்லிவிட்டுப் போனார்கள். பாதுகாப்பான இடம் எது என்று மைக்கில் சொல்லவில்லை. ஊரில் இருந்த ஒரே மாடிக் கட்டிடம் பள்ளிக்கூடம். அதற்கு அடுத்து எங்கள் மண்டிக்கு மேல் இருந்த மச்சு அறை. போன வருஷப் பாடத்தில் அய்யா முடிந்த மட்டும் மூட்டைகளை மேலே ஏற்றியிருந்தார்.

ஊர் ஆண்கள் எல்லோரும் கரையில் காவல் இருந்தார்கள். தண்ணீருக்குக் காவல் என்று சொல்லிக்கொண்டார்கள். ஆனால் கையில் மண்வெட்டியோடு கம்பும் அரிவாளும் இருந்தன. போன வருஷம் உடைந்த இடத்தை மணல் மூட்டைகளை அடுக்கி அடைத்திருந்தார்கள். ஆறு அந்த மூட்டைகளுக்கு ஒரு சாண் கீழே போய்க்கொண்டிருந்தது. 'வேத்து ஆளு எவனாச்சும் கரைமேல ஏறுனா கேள்வியே கெடையாது, வெட்டி ஆத்துலயே போட்டுரணும்' என்று பெரியப்பா சொன்னதை நான் காதால் கேட்டேன். அவர் அய்யாவின் அண்ணன். கரைக் காவலுக்கு அவர்தான் தலைவர்.

அன்றைக்குக் காலையில் அம்மா ரேசன் கடையில் சீமெண்ணெய் ஊற்றுகிறார்கள் என்று கேனை எடுத்துக்கொண்டு போனாள். மூன்று வயதுத் தங்கச்சியைப் பார்த்துக்கொள்ளும்படி என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். பதினொரு மணி இருக்கும். வாசலில் மொபெட் சத்தம். மாமா வந்திறங்கினார்.

மகன் செத்த பிறகு மாமா எங்கள் வீட்டு வாசலை மிதித்ததில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முழுக்க நனைந்திருந்தார். சட்டைக்குள்ளிருந்து ஒரு சீனிச்சேவுப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். உள்ளே வராமல் நிலைப்படியிலேயே குத்தவைத்து உட்கார்ந்தார்.

"ஆத்தா எங்கன தாயி?"

"ரேசன் கடைக்குப் போயிருக்கு மாமா."

"அய்யா?"

"கரையில காவல் இருக்காக. எல்லா ஆம்பளைகளும் அங்கனதான்."

"பாவம். சோறு தண்ணி இல்லாமயா?"

"அதெல்லாம் இல்ல. ஒரு மணிக்குப் பள்ளிக்கூடத்துல கஞ்சி ஊத்துவாக. எல்லாரும் வந்து குடிச்சிட்டுத்தான் போவாக."

"அப்ப கரைய ஆரு பாக்குறது?"

எனக்குத் தெரிந்த விஷயம் ஒன்றைப் பெரியவர் ஒருவர் மரியாதையாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. காலையில் அய்யா பெரியப்பாவிடம் குறைப்பட்டுக்கொண்டதை அப்படியே ஒப்பித்தேன். "பாலத்துப் பக்கம் ரெண்டு பேரு நிப்பாக. பழைய ஒடப்புக்கிட்ட ஒருத்தரும் நிக்க மாட்டாக மாமா. மழைக்கு ஒதுங்க அங்கன எடமே இல்லையாம்."

மாமா தலையை ஆட்டினார். தங்கச்சியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். நனைந்திருக்கிறாரே என்று துண்டு எடுத்துக் கொடுத்தேன். வாங்கி, துடைக்காமல், திரும்பக் கொடுத்தார்.

"மத்தியானத்துக்கு மேல மச்சுலயே வெளாடுங்க தாயி. என்ன ஆனாலும் கீழ எறங்காதீக. ஆத்தா வந்தா அவளையும் மேலயே இருக்கச் சொல்லு. மாமா சொன்னேன்னு சொல்லு."

மொபெட்டைக் கொஞ்ச தூரம் உருட்டிக்கொண்டே போய்த்தான் கிளப்பினார்.

அம்மா வரும்போது மணி பன்னிரண்டரைக்கு மேல். மாமா வந்துவிட்டுப் போனதைச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது. "அண்ணனா? இங்கனயா? காப்பித்தண்ணியாவது குடுத்தியாடி?" என்றாள். நான் பெருமையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டது, நான் சொன்னது, சேவு, கடைசியில் மச்சில் இருக்கச் சொன்னது.

அம்மா சீமெண்ணெய்க் கேனைக் கீழே வைத்தாள்.

"மேலயே இருக்கச் சொன்னுச்சா?"

"ஆமா."

"என்னையுமா?"

"ஆமா. என்ன ஆனாலும் எறங்கக் கூடாதாம்."

அதன் பிறகு அம்மா எதையும் நின்று செய்யவில்லை. தங்கச்சியை அள்ளினாள். என் கையைப் பிடித்துப் படியில் இழுத்துக்கொண்டு ஏறினாள். ஒரு குடம் தண்ணீரும் சோற்றுப் பானையும் மேலே வந்தன. ஒரு பழைய சேலையைக் கிழித்துத் தங்கச்சியின் இடுப்பை என் இடுப்போடு சேர்த்துக் கட்டினாள். முடிச்சு வலித்தது.

"நான் வந்து கூப்புடாம எறங்கக் கூடாது. இவள விடக் கூடாது. மாமா கேட்டதையும் நீ சொன்னதையும் ஆருகிட்டயும் சொல்லக் கூடாது. அய்யாகிட்டயும். தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு."

எங்கள் தெருவிலிருந்து கரைக்குப் போகிற வழியில்தான் பள்ளிக்கூடம். ஜன்னலில் இருந்து பார்த்தேன். மழையில் சேலை காலைத் தட்ட, அம்மா ஓடினாள். பள்ளிக்கூட வாசலில் ஆண்கள் கும்பலாக நின்று கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அங்கே ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது. பிறகு அவர்களைத் தாண்டிக் கரைப் பக்கம் ஓடினாள்.

அப்புறம் அந்தச் சத்தம் வந்தது.

அதைப் பற்றி எவ்வளவோ யோசித்துப் பயந்திருந்தேன். வந்தபோது அது நான் பயந்ததைப் போல இல்லை. ரயில் மாதிரி தூரத்திலிருந்து வரவில்லை. பெரிய துணியை யாரோ கிழிப்பது போல ஒரு சத்தம், பிறகு ஆட்கள் கத்துகிற சத்தம், பிறகு ஆட்களின் சத்தம் இல்லை. தெரு முனையில் பழுப்பாக ஒன்று திரும்பியது. முன்னால் நுரை, நுரையில் செருப்புகள், வைக்கோல், ஒரு கோழிக்கூடு. கூட்டுக்குள் கோழிகள் நின்றுகொண்டிருந்தன. எதிர்வீட்டு மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு மேலே பார்த்தது. அது என்னைத்தான் பார்க்கிறது என்று நினைத்து ஜன்னலை மூடினேன்.

மச்சுக்குப் பதிமூன்று படிகள். கதவைத் திறந்து எட்டிப் பார்த்தபோது நான்கு படிகள் இல்லை. மேலே ஏற்ற முடியாமல் கீழே விட்ட மூட்டைகள் நனைந்து, தண்ணீர் சிவக்கத் தொடங்கியிருந்தது. அடுத்த முறை பார்த்தபோது ஆறு படிகள் இல்லை. ஏழாவது படியில் ஒரு பாம்பு சுருண்டிருந்தது. அதுவும் எங்களைப் போலத் தப்பித்து வந்ததுதான். ஆனால் எட்டு வயதில் அப்படித் தோன்றாது. கதவைச் சாத்தி, நகர்த்த முடிந்த ஒரே மூட்டையை அதன்மேல் சாய்த்தேன். மிளகாய் நெடியில் தங்கச்சி இருமி இருமி வாந்தி எடுத்தாள். அவள் அழுதால் என் இடுப்பும் சேர்ந்து ஆடியது. அம்மா, அம்மா என்று இரண்டு பேரும் கத்தினோம். பிறகு நான் கத்துவதை நிறுத்திவிட்டேன். தண்ணீர் கேட்டுவிடும் என்று நினைத்தேன். சிரிப்பாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் நினைத்தேன். நாம் எங்கே இருக்கிறோம் என்று அதற்குத் தெரியக் கூடாது என்று தங்கச்சியின் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்பதாவது படியோடு தண்ணீர் நின்றதை மறுநாள் காலையில்தான் பார்த்தேன்.

கடற்கரை ஊர்களிலிருந்து லாரியில் வள்ளம் ஏற்றிக்கொண்டு மீன்பிடிக்கிறவர்கள் வந்திருந்தார்கள். கழுத்தில் சிலுவை போட்ட ஒருவர் ஜன்னல் வழியாக எங்களை இறக்கினார். இடுப்பு முடிச்சை அவரால் அவிழ்க்க முடியவில்லை. மீன் வெட்டும் கத்தியால் அறுத்தார். அந்த வள்ளத்தில் அம்மா இருந்தாள். குடிதண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியில் விடியும்வரை உட்கார்ந்திருந்திருக்கிறாள். உள்ளங்கை இரண்டும் கிழிந்திருந்தன. எங்களைப் பார்த்ததும் அழவில்லை. "எறங்கலயே? எறங்கலயே?" என்று மட்டும் கேட்டாள்.

அய்யாவும் மற்றவர்களும் பள்ளிக்கூட மாடியில் தப்பியிருந்தார்கள். ஆட்கள் யாரும் சாகவில்லை. ஆடு மாடுகள் போயின, மண் வீடுகள் எல்லாம் போயின. போன வருஷம் கட்டிய சுவரோடு சில வீடுகள் மறுபடி விழுந்தன. சிலர் அந்த வாரமே சாமான்களை ஏற்றிக்கொண்டு ராமநாதபுரத்துக்குப் போய்விட்டார்கள். போனவர்கள் திரும்பவில்லை.

தண்ணீர் வடிந்த நான்காம் நாள் பெரியப்பா ஏழெட்டுப் பேரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். வீடு முழுக்கச் சேறு. யாருக்கும் உட்கார இடமில்லை. நின்றுகொண்டே பேசினார்கள். மணல் மூட்டைகளை ஆற்று வெள்ளம் புரட்டவில்லை, யாரோ இழுத்துத் தள்ளியிருக்கிறார்கள். வந்தது ஒரு ஆளா பத்து ஆளா என்று யாரும் பார்க்கவில்லை. ஆனால் அன்றைக்குக் காலையில் எங்கள் வாசலில் மாமாவின் மொபெட் நின்றதை எதிர்வீட்டில் பார்த்திருக்கிறார்கள்.

"நம்மாளுக கஞ்சிக்குப் போற நேரம் அவனுக்கு எப்படித் தெரியும்?" என்றார் பெரியப்பா. அய்யா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரியப்பா குனிந்து என் முகத்துக்கு நேரே வந்தார். அவர் கண் சிவந்திருந்தது. இரண்டு உழவு மாடுகளும் போன துக்கம் அவருக்கு.

"ஏத்தா, ஒங்க மாமா வந்தானா?"

எனக்குக் காலின் வழியாகச் சூடாக இறங்கியது. சேற்றில் நின்றதால் யாருக்கும் தெரியவில்லை. வேத்து ஆளை வெட்டி ஆற்றில் போடணும் என்று சொன்ன வாய் அது. சொன்னவளை என்ன செய்வார்கள் என்று மட்டும்தான் எனக்குள் ஓடியது.

"ஒங்கிட்ட என்ன கேட்டான்? பயப்படாமச் சொல்லு."

"சின்னப்புள்ளைய எதுக்குக் கேக்குறீக?" என்றாள் அம்மா. அவள் மூலையில் சேறு அள்ளிக்கொண்டிருந்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "எங்கண்ணன் எங்கிட்டத்தான் கேட்டுச்சு. நாந்தான் சொன்னேன்."

அப்புறம் ஒருவர், "அதான் புள்ளைகள முன்னாடியே மச்சுல ஏத்திட்டா" என்றார். இன்னொருவர், "கஞ்சி குடிச்சுக்கிட்டு இருந்த எங்களத் தாண்டித்தான ஓடுனா? ஒரு வார்த்த சொன்னாளா? அண்ணனத் தப்பிக்க விடத்தான் ஓடிருக்கா" என்றார். எல்லாம் பொருந்தி வந்தது. அம்மா எதையும் மறுக்கவில்லை. பெரியப்பா கையை ஓங்கினார். அய்யா குறுக்கே வந்து அந்தக் கையைப் பிடித்தார். "போதும்ண்ணே. எல்லாரும் போங்க" என்றார். எல்லோரும் போன பிறகு அவரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

அதற்குப் பிறகு அய்யா அம்மாவிடம் நேரடியாகப் பேசியது எனக்கு நினைவில்லை. "சோறு போடச் சொல்லு" என்பார் என்னிடம். "வச்சிருக்குன்னு சொல்லு" என்பாள் அம்மா. குழாயடியில் அம்மா குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தைத் தள்ளி வைத்துக்கொள்வார்கள். அதுவரை ஊருக்குள் அவளை இன்னார் பெண்சாதி என்பார்கள். அந்தக் கார்த்திகைக்குப் பிறகு அக்கரைக்காரி ஆனாள். மாமாவும் வரவில்லை, அம்மாவும் பாலம் தாண்டிப் போகவில்லை.

நான் என்ன ஆனேன் என்று சொல்ல வேண்டும். எனக்கு நிம்மதியாக இருந்தது. அம்மா தானே சொன்னதாக ஒப்புக்கொண்டாளே. அப்படியென்றால் எனக்கு முன்பே எப்போதோ அவள் சொல்லியிருக்கிறாள், நான் சொன்னது இரண்டாவதுதான், அது கணக்கில் வராது என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளத்துக்குப் பிறகு முதல்முறையாக நன்றாகத் தூங்கினேன். மாமா வந்த நேரத்தில் அம்மா ரேசன் கடை வரிசையில் நின்றாள். அவள் அண்ணனைப் பார்க்கவே இல்லை. அது இந்த உலகத்தில் எனக்கும் அவளுக்கும் மாமாவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். தெரிந்தும் எனக்கு அது தெரியவில்லை. நான் அய்யா பக்கம் சேர்ந்துகொண்டேன். அவருக்கு அருகில் பாயைப் போட்டுக்கொண்டேன். அம்மா தலை வாரக் கூப்பிட்டால் பெரியம்மாவிடம் போனேன்.

தை மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. முதல் நாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் ஒருத்தியும் உட்காரவில்லை. அக்கரைக்காரி மகள் என்றார்கள். அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடிவந்தேன். அம்மா தட்டில் சோறு போட்டுப் பிசைந்து, உருட்டி, என் வாய்க்கு நேரே நீட்டினாள். உள்ளங்கைக் காயங்கள் அப்போதும் முழுதாக ஆறியிருக்கவில்லை.

"எனக்கு ஒன் கையால வேணாம்" என்றேன். "நீதான ஊரக் காட்டிக்குடுத்த."

அம்மா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள் போல வாயைத் திறந்தாள். பிறகு கையை இன்னும் கொஞ்சம் அருகில் கொண்டுவந்தாள்.

"ஆமா தாயி. நாந்தான். நீ வாயத் தொற."

நல்ல பசி. வாயைத் திறந்தேன்.